ஒரு மீட்டர்

எங்கள் ஊரில் வாய்க்காலைக் கடக்க
பாலத்தைத் தேடி யாரும் நடப்பதில்லை.
நீளக் கழியை நட்டநடுவே ஊன்றித்
தொற்றிக்கொண்டு அக்கரையில் விழுவோம்.
எழுந்தால் கடந்தோம் என்று அர்த்தம்.
ஃபிரீஸ்லாந்து. கடல்மட்டத்துக்குக் கீழே வீடு,
மாடு, மாதா கோயில் எல்லாம்.
நனைவது எங்களுக்குப் புதிதல்ல.

ஆனாலும் என் நீன்கே நனையக் கூடாது.

ஏழு வயது. முன்பல் இரண்டு இல்லை.
கோடை விடுமுறையின் முதல் காலை
கழியை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.
"போட்டியில நாலு மீட்டராம் அப்பா.
நம்மகிட்ட நாலு மீட்டர் இருக்கா?"
கொட்டிலுக்குப் பின்னால் இருப்பதைக் காட்டினேன்.
அது மூன்று.

பொய்க்கும் சாட்சி வேண்டுமே.
அளவு நாடாவின் முதல் மீட்டரை
ரோமக் கத்தரியால் வெட்டி எறிந்தேன்.
இக்கரையில் அவள் பிடித்தாள், அக்கரையில் நான்.
"நாலு!" என்று கத்தினேன்.
ஆடுகள்கூட நிமிர்ந்து பார்த்தன.

ஜூலை முழுக்கத் தாண்டினாள்.
உலர்ந்த காலுறை, உலர்ந்த பின்னல்,
இரவு உணவில் உலர்ந்த பெருமை.
வீட்ஸ்கே மட்டும் உருளைக்கிழங்கை மசித்தபடி
என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.
உப்பு வேண்டுமா என்று கேட்பேன்.

ஆகஸ்டில் சிறுவர் போட்டி.
ஓடினாள், பற்றினாள், கழி நிமிர்ந்தது, சாய்ந்தது.
எத்தனையோ முறை கால் வைத்த இடத்தில்
கால் வைத்தாள்.
அங்கே தண்ணீர் இருந்தது.

எல்லோருக்கும் கைதட்டுகிற மாதிரி
அவளுக்கும் தட்டினார்கள்.
தலையில் பாசியோடு கரையேறி
அழாமல்
வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
கடையில் மீதிச் சில்லறையை எண்ணுகிறவள் போல.

மறுநாள் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி
கொட்டிலுக்குப் பின்னால் எறிந்தாள்.
கயிற்றை முற்றத்தில் நீட்டிப் போட்டு
பள்ளிக்கூட அடிக்கோலால் அளந்தாள்.
முப்பது சென்டிமீட்டர் கோல்.
சரியாகப் பத்து முறை.

நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.
நாடாவைத் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.
"அப்பா, இதுல பூஜ்யம் எங்கே?"

வெண்ணெயை இன்னும் கொஞ்சம் தடவினேன்.

"அப்போ நான் தாண்டினதெல்லாம்?"

அந்த வாரம் முழுக்க
பௌகேயின் நிலத்துப் பெரிய வாய்க்காலுக்குப் போனாள்.
இடுப்பளவுத் தண்ணீர். அசல் நாலு.
நீ வராதே என்றாள் என்னிடம்.
சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்து
காதால் காவல் இருந்தேன்.
தொபுக்.
எழுந்து நிற்பேன்.
"உட்கார். தண்ணிக்கும் அவளுக்கும் நடுவுல
உனக்கு என்ன வேலை?" என்பாள் வீட்ஸ்கே.
தொபுக்.
திங்கள் பதினொன்று. செவ்வாய் ஒன்பது.
புதன் பதினான்கு, அன்று காற்று.
ஹீட்டர் மேல் காலுறைகள் தீரவில்லை;
வீடே வாய்க்கால் வாடை.
சாப்பாட்டில் மட்டும் ஏனோ அதிகம் பேசினாள்:
ஓட்டத்தில் கடைசி அடி நீளமாம்,
கழியில் இன்னும் மேலே ஏற வேண்டுமாம்,
பயந்தால் கழி தெரிந்துகொள்கிறதாம்.
ஜூலையில் அவளுக்கு
இப்படிச் சொல்ல எதுவுமே இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஆறாவது தொபுக்குக்குப் பிறகு
சத்தம் இல்லை.
எண்ணிப் பார்த்தேன். நூறு வரை.
வீட்ஸ்கேயும் இந்த முறை உட்காரச் சொல்லவில்லை.
மரச்செருப்போடு ஓடினேன்.

அக்கரையில் நின்றாள்,
முழங்கால் வரை சேறு,
முகம் முழுக்க இல்லாத பற்கள்.
கைநழுவிய கழி
மெதுவாக மிதந்து என் பக்கம் வந்துகொண்டிருந்தது.
பாலம் காற்றாலைக்கும் அப்பால்.

"அப்பா! திரும்பி எப்படி வர்றது?"

எனக்கு மூன்று வழி தெரியும்.
வாயைத் திறந்தேன்.
அதற்குள் அவள்
தண்ணீரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு
காலணியைக் கழற்ற ஆரம்பித்திருந்தாள்.