ஒன்றுமில்லாத வானம்

வேல்ஸ் மலைச்சரிவில் பொசபொசவென்று தூறல்.
“விடு” என்கிறாள் ஹெலெத்.
ஆரஞ்சு வட்டு
பிய்த்துக்கொண்டு கிளம்புகிறது.

வட்டைச் சுட்டால் வட்டு தப்பும்.
வாலைப் பிடித்து, வயிற்றைக் கடந்து,
மூக்கையும் தாண்டி
ஒன்றுமில்லாத வானத்தைச் சுட வேண்டும்.
சுட்ட பிறகும் குழல் ஓட வேண்டும்.

பதினோராவதில்,
பட்டதா என்று பார்க்கக்
கொஞ்சம் நின்றுவிட்டாள்.
அவ்வளவுதான்.
கழுவிக் கவிழ்த்த கிண்ணமாய்
புதரில் போய் உட்கார்ந்தது அது.
இட்வால், மூக்கை உறிஞ்சியபடி,
நனைந்த அட்டையில் முட்டை போட்டான்.

வெற்றுத்தோட்டா எகிறி விழுந்தது. இன்னொன்றைத் திணித்தாள்.
கட்டையில் கன்னம்.
“விடு.”

கரும்பொடி.
காற்று அதையும் கலைத்த பின்

அவள் துப்பாக்கி மட்டும்
இல்லாத வட்டைத் தாண்டி
இன்னும்
போய்க்கொண்டிருந்தது.