அடிப்படை ஆண்டு

படிவத்தின் முதற் கேள்வியிலேயே கூட்டம் நின்றுவிட்டது.
எந்த ஆண்டோடு ஒப்பிட்டுக் குறைக்கப்போகிறீர்கள்?
வழமையான ஓர் ஆண்டைத் தெரிவுசெய்க.

ஒட்டுசுட்டான் பாற்சங்கம்.
தகரக் கூரையின் கீழ் ஒன்பது பேர், ஒரு மின்விசிறி.
வெளியே உறுமிக்கொண்டிருந்தது மின்பிறப்பாக்கி
(அதற்கும் ஒரு நிரல் போட்டிருக்கிறேன்:
மணிக்கு மூன்றரை லீற்றர்).

"தொண்ணூற்றாறைப் போடு பிள்ளை" என்றார்
பொருளாளர் கெங்காதரன்.
"ஒரு சொட்டு டீசல் உள்ளுக்கு வரேல்லை.
மோட்டச்சைக்கிள் மண்ணெண்ணெயில இருமி இருமி ஓடினது.
பால் போனது சைக்கிளில.
புகையே இல்லை, உலகத்துக்கே நாங்கள்தான் முன்மாதிரி!"
சிரித்தோம்.

"அப்ப, ஒன்பது?"
யாரோ கேட்டுவிட்டு
தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள்.
அந்த ஆண்டின் புகைக்குப்
படிவத்தில் நிரல் இல்லை.
நான் பக்கத்தைப் புரட்டினேன்.

பதினெட்டு? மார்கழி வெள்ளம்.
இருபது? ஊரடங்கு.
இருபத்திரண்டில் டீசல் வரிசையில்
லொறிக்குள்ளேயே படுத்தெழும்பினான் புனிதசீலன்.
குறைந்துதான் இருந்தோம் ஒவ்வொரு முறையும்,
திட்டமில்லாமல்.

ஒருவழியாக இருபத்துமூன்றுக்கு வந்தோம்.
லொறி இரண்டுதரம் பழுதானதைத் தவிர
ஒன்றும் நடக்காத ஆண்டு.
அதைக் கண்டுபிடிக்க
ஒன்றரை மணித்தியாலம் போயிற்று.

பிறகு வேகமாக எழுதினேன்.
முத்தையன்கட்டுக்கும் கருவேலங்கண்டலுக்கும்
தனித்தனி ஓட்டம் வேண்டாம், ஒரே சுற்று.
கூரையில் சூரியத் தகடு: தகரம் தாங்குமா, மேசனிடம் கேட்க.
சாணிவாயுக் குழி: கடன் கிடைத்தால்.
மாடு விடும் ஏவறையும் கணக்கில் சேரும் என்றதும்
நேசமலர் எழும்பிவிட்டார்:
"என்ர சிவப்பியிட்டப் போய்
இதை நான் என்னெண்டு சொல்லுறது?"
இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள்,
கோப்பைக்குள் பார்த்தவரும்.

கடைசியில், கதவு நிலையில் சாய்ந்தபடி
புனிதசீலன் கேட்டான்: "நான் எத்தினை தொன், அக்கா?"
பதினொன்று.
"கான் ஏத்தேக்க இஞ்சினை நிப்பாட்டினால்?"
பத்துக்குக் கிட்ட வரும்.
"நிப்பாட்டலாம். திரும்ப ஸ்ராட் வராது.
பற்றரி செத்து ரெண்டு வருசம்.
மூண்டு கடிதம் தந்தனான்."

கெங்காதரன் கூரையைப் பார்த்தார்.
அடிப்படை ஆண்டு இருபத்துமூன்று,
இலக்கு முப்பது,
அளவு கால்வாசி என்று எழுதியிருந்த தாளில்
எல்லாவற்றுக்கும் மேலே,
ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினேன்:
பற்றரி, ஒன்று.