ஒரு கேள்வி பின்னால்

நூக் நகரில் என் மேசை.
அவள் இருப்பது கிழக்குக் கரையில்,
பனிப்பாளம் முழுக்கத் தாண்டி.
இடையில் ஒரு செயற்கைக்கோள்,
அதுக்கும் அலுப்பு உண்டு.

"கடல்நீர் எப்போது உறையும்?" என்றேன்.
"திமிங்கலம்" என்றாள் நிவிக்கா.
பதினோரு சதுரங்கள் சிரித்தன.
அவள் சிரிப்பு
எல்லோரும் ஓய்ந்த பிறகு
தன்னந்தனியாக வந்து சேர்ந்தது.

மார்ச்சில் கேமராவை அணைத்தாள்.
கறுப்பில் பெயர் மட்டும்.
கவனமில்லை என்று எழுதிவைத்தேன்.

மதிப்பெண் போடும் இரவில்
பதிவை ஓட்டிப் பார்த்து
அவள் விடைகளை
ஒரு வரி மேலே நகர்த்தினேன்.
திமிங்கலம். மைனஸ் இரண்டு. நிலவு.
எல்லாம் சரி.

இப்போதெல்லாம் கேள்வியைக் கேட்டுவிட்டுக்
காபி ஆற்றுகிறேன்.
மாலிக் நெளிகிறான், யாரோ கொட்டாவி.
ஆறி முடிவதற்குள்
கறுப்புச் சதுரத்தின் விளிம்பு
பச்சையாகிறது.