நழுவுகிற மீன்

எரிசெய்ராவில்
படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கொட்டகைக்குப் பின்னால் என் பட்டறை.
மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை
பிரிசிடா வந்தாள், கக்கத்தில் மீன்.

மீன் என்றால் பலகை.
அலைமேல் சறுக்குகிற பலகைகளில் குட்டை, அகலம்,
வால் இரண்டாகப் பிளந்தது.
ஐந்தடி ஐந்து அங்குலம்.
அடியில் இரண்டு மரத் துடுப்புகள்,
உடைந்த தட்டின் பாதிகளை நட்டுவைத்ததுபோல்.

"ஓடுகிறது. திரும்பமாட்டேன் என்கிறது.
திருப்பிக் கொடு எனக்கு.
ஓட்டத்தில் மட்டும் கை வைக்காதே."

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
சரி என்றேன்.

இந்த வடிவம் நம் கரையில் பிறந்ததல்ல.
பசிபிக் ஓரம், சான் டியாகோவில்
மண்டியிட்டு அலையேறியவர்கள்
தங்கள் முழங்கால்களுக்காகச் செய்துகொண்டது.
மண்டியிடுகிறவனுக்கு நீளம் எதற்கு?
நின்று ஓட்டுகிறவர்கள் பார்த்தார்கள்,
இரவல் வாங்கினார்கள்,
திருப்பித் தரவில்லை.

முதல் பலகையில் துடுப்புகளை மட்டும் மாற்றினேன்.
ஒல்லியாக, நெட்டுக்குத்தாக இரண்டு.
நன்றாகத்தான் திரும்பியது, அலையின் உதட்டுவரை.
அங்கே வால் பிடியை விட்டது.
கழுவுற மீனில் நழுவுற மீன் என்று சிரித்துக்கொண்டே
நெற்றியில் மூன்று தையலோடு வந்தாள்.

இரண்டாவதில் வாலை ஒடுக்கினேன்,
மூக்கை உயர்த்தினேன், வயிற்றை வளைத்தேன்,
மூன்று துடுப்பு வைத்தேன்.
அது திரும்பியது
ஊரிலுள்ள எல்லாப் பலகையும் திரும்புவதுபோல.
"அழகாக இருக்கிறது" என்றாள் பிரிசிடா,
துக்க வீட்டில் பேசுகிற குரலில்.
அதைக் காசிமிரோ வாங்கிக்கொண்டான்.
ரெசின் ஊற்றுகிறவன், நீச்சல் தெரியாதவன்.
இப்போது அது அவன் வீட்டு மாடியில்
துணி தேய்க்கும் மேசை.

நான்கு நாள் ஃபோமைத் தொடவில்லை.
பழைய மீனைக் கவிழ்த்துப் போட்டு
முதுகெலும்பில் கட்டைவிரலை ஓட்டினேன்.
நடுவில் அது கிட்டத்தட்டத் தரை.
ஓட்டம் அங்கேதான் குடியிருந்தது.
அந்த வீட்டை நான் இடித்திருக்கிறேன்.

மூன்றாவதில் நடுவைத் தொடவில்லை.
கடைசி ஒரு சாண் மட்டும் மேலே எழும்பட்டும் என்று விட்டேன்.
துடுப்புகளுக்கு இடையே அடிவயிற்றில் இரண்டு குழிவு,
கரண்டியால் வழித்த தயிர்போல.
விளிம்பு முன்னால் தடிப்பு, பின்னால் போகப்போகக் கத்தி.
பிளந்த வாலுக்கு நடுவே சுண்டுவிரல் அளவில் மூன்றாவது துடுப்பு.
பிடித்துக்கொள்ள அல்ல,
பிடி இருக்கிறது என்று காலுக்குச் சொல்ல.

ரிபெய்ராவில் வடமேற்கு அலை.
பாறைமேல் நின்று பார்த்தேன்.
கீழே வந்தாள், சுருண்டாள்,
செங்குத்தாக ஏறி உதட்டை உடைத்து
விழுந்த நுரைக்கு முன்னால் ஓடினாள்.
பக்கத்தில் நின்ற அந்நியரின் தோளைக்
குத்திவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது.
மன்னிப்புக் கேட்டேன். அவர் ஜெர்மன்காரர்.

ஐப்பசி போட்டியில் அரையிறுதி வரை.
அதன்பின் வலது முழங்காலில் தசைநார் அறுந்து
அறுவை சிகிச்சை, ஊன்றுகோல், கெட்ட வார்த்தைகள்.

மாசியில் பலகையை அனுப்பியிருந்தாள்,
விளிம்பில் ஒரு விரிசல், ஒட்டவேண்டும்.
வெளிச்சத்தில் சாய்த்தபோது
மேற்பரப்பில் புதிதாக இரண்டு பள்ளங்கள்.
குதிகால் பள்ளம் எனக்குத் தெரியும், சின்னது, பின்னால் இருக்கும்.
இவை அகலம்,
பக்கம் பக்கமாக,
முழங்கால் அளவு.

தொலைபேசியில் கேட்டேன்,
"யாருக்காவது இரவல் கொடுத்தாயா?"

"விடியலில், பனிமூட்டத்தில், யாரும் இல்லாதபோது" என்றாள்.
"எழுந்து நிற்க வரவில்லை.
நிற்காமலே போனேன்.
நீ ஏன் சொல்லவில்லை,
இவ்வளவு பக்கத்தில் இருக்கும் தண்ணீர் என்று?"

விரிசலை ஒட்டினேன்.
பள்ளங்களை நிரப்பட்டுமா என்று காசிமிரோ கேட்டான்,
கையில் ரெசின் இறுகத் தொடங்கியிருந்தது.