நாலு அங்குலம்

நூல் கட்டினேன்.
அந்த மூலையில் ஓர் ஆணி, இந்த மூலையில் ஓர் ஆணி,
நடுவே மஞ்சள் நூல்.
நூலுக்கு இப்பால் துருத்துகிற எல்லாம்
போக வேண்டும்.

எண்ணினேன். பதினொன்று.
மூக்குப் போல ஒன்று, தடிமன் பிடித்த ஈரத்தோடு.
அடியில், மாடு படுத்த முதுகாய் ஒரு நீளக்கல்.
தோளுயரத்தில் முழங்கையை மடக்கி
வழி விடாமல் நிற்கிற ஒன்று.
ஃபர்னஸுக்குப் பின்னால் உள்ளவற்றை எண்ணவில்லை.
அங்கே யாரும் படுக்கப் போவதில்லை.

இவருடைய தம்பி மார்ச்சில் வருகிறான்.
எட்மன்டனில் வேலை போய், வீடு போய்,
வீட்டோடு அவளும் போய்.
"கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் இவர்,
கோப்பையைக் கழுவிக்கொண்டே, என் முகம் பாராமல்.
கட்டிலும் திறந்த கதவும் சேர்ந்து கேட்பது ஏழடி.
பேஸ்மென்ட் தருவது ஆறடி எட்டு.
மிச்சத்தை நான் தர வேண்டும்.

ஹமில்டனில் ஒரு மேட்டை மலை என்கிறார்கள்.
வந்த புதிதில் சிரித்திருக்கிறேன்.
அந்த மலையில் வெட்டி
குதிரை வண்டியில் இறக்கிய கல்.
தெருவுக்குத் தெரிகிற இரண்டடியை
நேராக்கிக் கட்டியவன்,
கீழே யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருக்கிறான்.
கிழங்கு பார்த்தது. கரி பார்த்தது.
நூற்று இருபது வருஷம் கழித்து
நெற்றியில் விளக்குக் கட்டி நான் பார்க்கிறேன்.

உளியைக் கோட்டில் வை, தட்டு,
நகர்த்து, தட்டு.
ஓரிடத்தில் ஓங்கி அடித்தால் சாந்து பயந்துவிடும் என்றாள்
வாடகைக்குச் சாமான் தந்த ஷெரில்.
பயந்துவிடும் என்றுதான் சொன்னாள்.

முதல் கல் விட்டது.
விட்டதும் நாறியது, அழுகிய முட்டை.
மேலேயிருந்து இவர்: "கான் அடைச்சிட்டுதோ?"
இல்லை.
கல்லுக்குள் அடைபட்டுக் கிடந்த ஒரு பழங்கடல்,
சிப்பியும் சேறுமாய்,
மனிதர் வருமுன்னே மூடிய வாயை
என் சுத்தியலுக்குத் திறந்து
விட்ட முதல் மூச்சு.
பெரிய விஷயம்தான்.
ஆனாலும் ஜன்னலைத் திறந்தேன்.

மூன்று சனிக்கிழமை, பத்துக் கல்.
கண்ணாடிக்குள் தூசி, கடைவாயில் தூசி.
புட்டுக்கு மா குழைக்கையில் கை நடுங்கித்
தண்ணீர் கூடிப்போய், அன்றிரவு ரொட்டி.
பழஞ்சாந்து மணலாய் உதிர்ந்த இடுக்குகளில்
புதுச் சுண்ணாம்பு அப்பினேன்.
சீமெந்து கூடாது.
கல்லைவிட அது இறுகினால்
வெடிப்பது கல்தான்.
இந்த வீட்டில் சிலருக்கும் இதைச் சொல்லலாம்.
சொல்லவில்லை.

பதினொன்றாவது, முழங்கை.
மற்றவை டக் என்றன.
இது ணங் என்றது.
இரண்டாம் தட்டுக்கு,
உளிக்குக் கீழே ஒன்றும் விழவில்லை;
மூன்றடி தள்ளி, ஜன்னலோரம்
சாந்து பொலபொலத்தது.

சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.
செங்கலுக்குக் கீழே பனியை வழித்தேன்.
அதே உயரத்தில், அதே சாம்பல் நிறத்தில்
அதன் மறு நுனி.
சுவரின் உள்முகத்தையும் வெளிமுகத்தையும்
ஒன்றரையடி நீளத்துக்கு
ஒற்றைக் கல் பிடித்துக்கொண்டிருந்தது.
எனக்கு இடித்தது
அந்தப் பிடியின் மிச்சம்.

கையுறையைக் கழற்றித் தொட்டேன்.
குளிர். வேறொன்றும் இல்லை.

உளியைத் துடைத்து ஷெரிலிடம் கொடுத்துவிட்டு
வாள் வாங்கி வந்தேன்.
சட்டம் அடித்த அன்று, அந்த இடத்தில்
மரத்தைத்தான் வெட்டினேன்.
ஜிப்சம் பலகையில் ஒரு துளை,
மூன்று தரம் பிழைத்து
நாலாம் தரம் பொருந்திய கோணல் வட்டம்.
"மறைச்சு விடலாமே" என்றார் இவர்.
மறைக்க அங்கே ஆழம் இல்லை.

தவரூபன் வந்தான், இரண்டு பைகளும்
சுருட்டிய ஒரு போர்வையுமாய்.
கதவைத் திறந்து பார்த்தான், கட்டிலில் படவில்லை.
மூடிப் பார்த்தான்.
உட்கார்ந்தான்.
வெள்ளைச் சுவரிலிருந்து தலை நீட்டிய கல்லை
வெகுநேரம் பார்த்திருந்து கேட்டான்:
"இது என்ன, அண்ணி?"

"தலையில இடிக்கும்.
பாத்து எழும்பு."