எந்தப் பக்கம்

திபிலிசி, சோலோலாக்கி மேடு, மூன்றாம் மாடி.
சுவரைக் கீறினேன். உள்ளே அலுமினியக் கம்பி;
வளைத்ததும் சாக்பீஸ் போல ஒடிந்தது.
"மொத்தமும் மாற்ற வேண்டும்" என்றேன்.
ஜும்பெரி தலையில் கை வைத்தார்.
லம்சீரா கேட்டாள்:
"சுவிட்சை நான் பார்த்து எடுக்கலாமா?"
எடுங்கள் என்றேன்,
அதற்கு நான்கு நாள் ஆகுமென்று தெரியாமல்.

முதலில் பல்பு.
அவள் மருந்துக்கடைக்காரி.
ஒரு தட்டு நிறைய மாத்திரைகளைக் கொட்டினாள்:
இளமஞ்சள், தந்தம், வெள்ளை,
வெள்ளை என்று சொல்லிக்கொள்ளும் வேறொன்று.
மலிவு எல்.இ.டி.யின் கீழ் நான்கும் ஒரே முகம்.
"பிரஷருக்குக் கேட்டவருக்குத்
தூக்கத்துக்குக் கொடுத்துவிடுவேன். கழற்றுங்கள்."
அடுத்தது பிணவறை நீலம்.
மூன்றாவது ஒன்பது வாட்,
இரண்டாயிரத்து எழுநூறு கெல்வின்,
நிறம் காட்டுவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று
அட்டையின் அடியில் பொடி எழுத்து.
தட்டில் மாத்திரைகள் ஒவ்வொன்றாய்த்
தம் பெயரைச் சொல்லின.
விலை இரண்டு மடங்கு.
ஜும்பெரி மற்றக் கையையும் தலையில் வைத்தார்.

கணக்குச் சொன்னேன்:
பழைய குண்டு பல்பு அறுபது வாட்டைத் தின்று
பெரும்பங்கை வெறும் சூடாகத் துப்பும்.
"பனிக்காலத்தில் அதுவும் வேண்டியதுதானே" என்றார்.
அதற்கு எந்த அட்டையிலும் பதில் இல்லை.

அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று,
ஆள் வந்தால் தானே எரியும் விளக்கு.
கழிவறையில் பொருத்தினேன்.
உள்ளே குறுக்கெழுத்து போடுகிறவர் அவர்,
அசையவே மாட்டார்.
மூன்று நிமிடத்தில் இருட்டு.
தூரத்துக் கப்பலுக்குக் கை காட்டுவது போல
வீசிக்கொண்டே இருந்தாராம்.
மறுநாள் கழற்றினேன். யாரும் எதுவும் பேசவில்லை.

பிறகு சுவிட்சு.
செய்தித்தாளை விரித்து ஆறு வகை வைத்தேன்.
கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாய் அழுத்தினாள்.
தொட்டால் எரியும் கண்ணாடிப் பலகை:
"காய்ச்சல் பார்ப்பது போல இருக்கிறது."
அழுத்தியதும் நடுவுக்கே திரும்பி நிற்கும் இத்தாலியப் பொத்தான்:
"இது இப்போது எரிகிறதா, அணைந்ததா?"
விளக்கைப் பார்த்தால் தெரியுமே என்றேன்.
"கரண்ட் இல்லை என்றால்?"

திருப்புளியைக் கீழே வைத்தேன்.

அந்தக் குளிர்காலங்களில் எனக்குப் பதினொரு வயது.
ஊரே எல்லாச் சுவிட்சையும் மேலே தள்ளிவிட்டுப் படுக்கும்.
நள்ளிரவில் எப்போதாவது
கட்டிடம் முழுவதும் ஒரே குரலில் கத்தும்: "மோவிதா!"
வந்துவிட்டது, வந்துவிட்டது.
ரொட்டி, துணி, வெந்நீர்,
எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள்.

லம்சீரா சொன்னாள்:
"நாங்கள் ஐந்து பேரும் ஒரே அறையில்,
மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி.
ஒருநாள் யார் கையோ பட்டுச் சுவிட்சு கீழே கிடந்தது.
கத்தல் கேட்டு எழுந்தோம். அறை இருட்டு.
பக்கத்து லைனுக்கு வந்திருக்கும் என்று
போர்வையை இழுத்துக்கொண்டோம்.
அடுத்து வந்தது ஒன்பது நாள் கழித்து."

கடையிலேயே மலிவான வெள்ளைச் சுவிட்சு அது.
டக்கென்று சத்தம் போடும்,
தள்ளிய பக்கமே நிற்கும்.
பதினான்கு வாங்கினோம்.

நடைவழிக்கு இரு முனையிலும் ஒன்று கேட்டிருந்தாள்.
உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது:
இருவழிச் சுவிட்சில் மேலேக்கும் கீழேக்கும் அர்த்தமில்லை,
ஒன்றின் சொல்லை மற்றது மாற்றிவிடும்.
கொஞ்சம் யோசித்தாள்.
"ஒன்றே போதும்.
பன்னிரண்டு அடிதானே, இருட்டில் நடந்துகொள்வோம்."

கடைசி நாள், மெயினைப் போடும் முன்
அறை அறையாய்ச் சுவரைத் தடவிப் பார்த்தேன்.
மேலே. மேலே. மேலே.
மெயினைத் தூக்கினேன்.
கழிவறைக்குள்ளிருந்து ஜும்பெரி கத்தினார்:
"மோவிதா!"

லம்சீரா மாத்திரைகளை எண்ணி
டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.
ஒன்று குறைந்தது.
மூவரும் தரையில் மண்டியிட்டுத் தேடினோம்,
நல்ல வெளிச்சத்தில்.