மூன்று இலக்கங்கள்

காலை ஐந்தே முக்கால்.
லோஷினி எழுந்து நின்று ஊதுகிறாள்.
குழாயில் சிவப்பு முள் ஓடி
210இல் நிற்கிறது.
"தூக்கத்துல ஊதினேன்பா, அது கணக்கில்ல."
மறுபடி. 220.

குதிரைப் பந்தய நாட்காட்டியில்
இன்றைய கட்டத்துக்குள் எழுதிவைக்கிறேன்.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடிந்து
வாசலில் செருப்பைக் கழற்றும்போதே
அவள் அம்மா எட்டிப் பார்ப்பது அதைத்தான்.
எனக்கும் அவளுக்கும் கடிதப் போக்குவரத்து
இப்போதெல்லாம்
மூன்று இலக்கங்களில்.

பழுப்புக் குழல் காலையும் இரவும்.
ஓர் அழுத்து, ஆறு மூச்சு.
நான் வாயால் எண்ணுவேன்,
ஸ்பேசரைக் கவ்விக்கொண்டு அவள் விரலால்.
பிறகு வாய் கொப்பளிப்பு.
நன்றாய் இருக்கும்போது எதற்கு மருந்து
என்று ஒருநாள் கேட்டது அவளல்ல, நான்.
கிளினிக் மிஸ்ஸி நிமிர்ந்தே பார்க்கவில்லை:
"மழையில ஏறியா ஓட்டை அடைப்பீங்க, அண்ணே?"

ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி, எட்டாவது தளம்.
ஏழாம் மாதம் கீழே காகிதப் பணம் எரியும்.
ஆ லியான் அக்கா இந்த வருஷம்
தகர டின்னைக் குப்பைத் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.
போகுமுன் எட்டு மாடி ஏறி வந்து
ஜன்னலைச் சாத்தச் சொன்னாள்.
லிப்ட் அன்றும் கெட்டிருந்தது.
அவளும் மூச்சு வாங்கினாள்.
வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நாங்களும் விட்டாயிற்று.
சாமி இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.

நீலக் குழல் அவசரத்துக்கு மட்டும்.
அதன் முதுகில் ஒரு சிறு சாளரம்,
மீதியைக் காட்டும்.
திங்கள் இரவு 142.
புதன் காலை முள் 180க்கு மேல் ஏறவில்லை.
கட்டத்தில் 'புகைமூட்டம்' என்று எழுதி
இரண்டு அழுத்துக் கொடுத்தேன்.
வெள்ளியன்று நீலத்தில் 131.

மீதி ஒன்பது யாருடைய மூச்சு?

மைலோவைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.
ஸ்பூன் கோப்பையில் இடித்துக்கொண்டே இருந்தது.
"ரிலேல நான்தான் மூணாவது ஆளு."
இன்னும் கலக்கினாள்.
"டாய்லெட்ல போய் அடிச்சேன். ஸ்பேசர் இல்லாம.
பாதி நாக்குலதான் பட்டுச்சு."
ஏம்மா சொல்லல?
"சொன்னா, ஓடாதேன்னு சொல்லுவீங்க."

அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.
சொல் நாக்கில் இருந்தது,
அந்த மருந்தைப் போலவே கசப்பாய்.

அரைநாள் லீவு. கிளினிக்கில் நீளக் காத்திருப்பு.
டாக்டர் பழுப்பைக் கூட்டினார்,
நீலத்தை ஓட்டத்துக்கு முன்னால் வைத்தார்.
"இது அடங்கட்டும், அப்புறம் ஓடட்டும்.
புகை மோசமான நாளில மட்டும் வேண்டாம்."
சுலோச்சனா டீச்சரின் மேசையில்
ஒரு தாளை ஒட்டிவிட்டு வந்தேன்:
என்ன செய்வது, எப்போது என்னை அழைப்பது.
ஸ்பேசர் இப்போது பைக்குள்,
பழைய காலுறை ஒன்றுக்குள்.
யுகிதா எண்ணுவாளாம்.
நான்கு வரைக்கும் தமிழில்,
ஐந்தும் ஆறும் மலாயில்,
ஏனென்று அவர்களுக்குத்தான் தெரியும்.

போட்டியன்று எனக்கு வேலை.
போகவில்லை.
ஆறு தடவை போனை எடுத்துப் பார்த்தேன்,
யாரும் அழைக்கவில்லை.
அழைக்காத போனைப் பார்த்து
அப்படி நான் சந்தோஷப்பட்டதில்லை.

மறுநாள் காலை நான் எழுமுன்னே
கட்டத்தில் கோணல் எழுத்து:
230. நாலாவது எடம். கோல் கீழ விழல.

அவள் அம்மா
செருப்போடு
உள்ளே வந்துவிட்டாள்.